ப்ளீக் ஹவுஸ் (2005): பெருமை ஆண்ட்ரூ டேவிஸுக்கு மட்டும்தானா?

மாடிவீட்டு வாசகி எழுதியது:

சார்லஸ் டிக்கன்ஸின் நாவலை வைத்து பிபிசி 2005இல் எடுத்த 'ப்ளீக் ஹவுஸ்' தொடரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், "ஆண்ட்ரூ டேவிஸ் திரைக்கதையைப் பிரமாதமாக எழுதியிருக்கிறார்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பிரமாதமாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் தொடருக்கு அந்த உருவம் கிடைக்க முதல் காரணம் தயாரிப்பாளர் நைஜல் ஸ்டாஃபர்ட்-கிளார்க் என்பது என் எண்ணம். அதைப் பேசத்தான் இந்த இழை. கதையின் முடிவு வரை பேசுவோம், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருஷமாக விக்டோரிய நாவலைத் தொலைக்காட்சிக்கு எடுப்பதென்றால் ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஒரு எபிசோட், ஒரு மணி நேரம், பெரும்பாலும் மொத்தம் நாலு முதல் ஆறு வாரம். டேவிஸே 1994இல் 'மிடில்மார்ச்'சை ஆறு பகுதியாகத்தான் எழுதினார். ஸ்டாஃபர்ட்-கிளார்க்கும் அவரும் சேர்ந்து 2001இல் ட்ராலப்பின் 'தி வே வி லிவ் நவ்' செய்தபோதும் நாலே பகுதி.

'ப்ளீக் ஹவுஸ்' மட்டும் வேறு மாதிரி வந்தது. முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் 14 அரை மணி எபிசோட்கள், வாரத்துக்கு இரண்டு. பிபிசி ஒன்றில் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற பிரபல சீரியல் முடிந்த கையோடு ஒளிபரப்பு. 2005 அக்டோபர் 27இல் தொடங்கி டிசம்பர் 16இல் முடிந்தது. ஒரு பெரிய இலக்கியப் படைப்பை சீரியல் பார்க்கும் ஜனங்களிடம், சீரியல் பார்க்கும் நேரத்தில், சீரியல் அளவில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னவர் தயாரிப்பாளர்தான்.

டிக்கன்ஸ் எழுதியதும் அப்படித்தானே. 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதாமாதம் ஒரு ஷில்லிங் விலையில் மெல்லிய இதழாக வந்த கதை இது. ஒவ்வொரு இதழின் முடிவிலும் வாசகர்கள் ஒரு மாதம் காத்துக் கிடந்தார்கள். எண்ணூறு, ஆயிரம் பக்கத் தடிமனான புத்தகமாக நாம் கையில் எடுப்பதெல்லாம் பிறகு வந்த வழக்கம். அந்தக் காத்திருப்பைக் கதைக்குத் திரும்பக் கொடுத்தது யார் என்று கேட்டால் என் பதில் ஸ்டாஃபர்ட்-கிளார்க். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

பழையவக்கீல் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. ஆனால் அளவை முடிவு செய்வது வேறு, அந்த அளவுக்குள் கதையை உட்கார வைப்பது வேறு. ஒரு எபிசோட் அரை மணி நேரம் என்று யாரும் சொல்லிவிடலாம். டெட்லாக் சீமாட்டியின் ரகசியம், ரிச்சர்ட் என்ற இளைஞனின் வழக்குப் பைத்தியம், நாயகி எஸ்தரின் பிறப்பு, ஜோ என்ற தெருப்பையன், டெட்லாக் குடும்ப வக்கீல் டல்கிங்ஹார்னின் வேட்டை, இத்தனையையும் எட்டு மணி நேரத்துக்குள் சிக்கில்லாமல் கொண்டுபோனது டேவிஸின் கை.

எனக்குப் பிடித்த இடம் ரிச்சர்ட். பேட்ரிக் கென்னடி நடித்திருக்கிறார். முதலில் மருத்துவம் படிக்கிறேன் என்கிறான், அப்புறம் சட்டம், அப்புறம் ராணுவம். எதிலும் நிலைக்கவில்லை, ஏனென்றால் மனசெல்லாம் தலைமுறை தலைமுறையாக இழுக்கும் ஜார்ண்டிஸ் சொத்து வழக்கில் வரப்போகும் பணத்தில். வக்கீல் தொழிலில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'அடுத்த வாய்தாவில் முடிந்துவிடும் சார்' என்று நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டே நரைத்துப்போனவர்கள். அந்த முகத்தைக் கென்னடி அப்படியே கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொரு எபிசோடிலும் அவனைச் சில நிமிடங்கள் மட்டும் காட்டுகிறார்கள். அடுத்த முறை வரும்போது சட்டை கொஞ்சம் கசங்கியிருக்கும், கண் கொஞ்சம் உள்ளே போயிருக்கும்.

அந்த வழக்கு நடக்கும் சான்சரி, அதாவது சொத்து, உயில் வழக்குகளை விசாரித்த பழைய லண்டன் நீதிமன்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிக்கன்ஸ் இதைக் கேள்விஞானத்தில் எழுதவில்லை. இளம் வயதில் வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், நீதிமன்ற நிருபராகவும் வேலை பார்த்தவர். 1844இல் தன் கிறிஸ்துமஸ் கதையைத் திருடி அச்சிட்டவர்கள் மேல் அதே சான்சரி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். எதிராளிகள் திவால் ஆகிவிட, ஜெயித்தவர் கைக்காசு சுமார் 700 பவுண்ட் செலவாகக் கட்டினார். ஜெயித்தும் நஷ்டம். எட்டு வருஷம் கழித்து ஜார்ண்டிஸ் வழக்கை எழுத உட்கார்ந்தபோது அந்த வலி உள்ளே இருந்திருக்காதா?

---

வெட்டுமேசை எழுதியது:

நான் சென்னையில் சீரியல் எடிட்டிங்கில் இருப்பவன். இந்தத் தொடரைத் தொழில்கண்ணால் பல தடவை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். மாடிவீட்டு அக்கா சொல்வதன் பக்கம்தான் நான், ஆனால் காரணம் வேறு.

அரை மணி என்ற முடிவு எல்லோருடைய வேலையையும் மாற்றியது. முதலில் எழுத்து. ஒரு மணி நேர எபிசோட் என்றால் மூச்சு விட இடம் உண்டு. கோச்சு வண்டி வரும், நிற்கும், வேலையாள் கதவைத் திறப்பான், சீமாட்டி இறங்குவாள், படியேறுவாள், அப்புறம் வசனம். அரை மணியில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. பிபிசியில் விளம்பர இடைவேளை இல்லை என்பதால் கிட்டத்தட்ட முழு அரை மணியும் கையில் இருக்கும், இருந்தாலும் மூன்று நான்கு கிளைக்கதைகளை ஒவ்வொரு எபிசோடிலும் தொட்டாக வேண்டும். அதனால் காட்சி பாதியில் தொடங்குகிறது, பாதியில் முடிகிறது.

இடம் மாறும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு மாளிகையைத் தூரத்திலிருந்து ஒரு ஷாட், டக்கென்று கொஞ்சம் கிட்டே, டக்கென்று இன்னும் கிட்டே. ஒவ்வொரு வெட்டுக்கும் 'தும்' என்று இடி மாதிரி ஒரு சத்தம். இரண்டு மூன்று வினாடிக்குள் நீங்கள் டெட்லாக் குடும்ப மாளிகையான செஸ்னி வோல்டில் இருக்கிறீர்கள். விக்டோரியக் கதைக்கு இந்த வெட்டு பொருந்துமா என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதுதான் தொடரின் நாடித்துடிப்பு.

கேமராவும் அப்படியே. ஒளிப்பதிவாளர் கீரன் மெக்கிகன். ஃபிலிமில் எடுக்காமல் ஹை டெஃபினிஷன் வீடியோவில் எடுத்தார்கள். கேமராவைக் கையில் பிடித்தபடி மனிதர்களின் தோளுக்குப் பின்னால், கதவு இடுக்கில், நாற்காலி முதுகுக்கு மேலே நின்று பார்க்கிறது. யாரோ ஒளிந்து கேட்பதுபோல. கதையே ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதுதானே. அந்த ஒளிப்பதிவுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி கிடைத்தது.

எடிட்டர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது எங்கள் தொழிலின் தலையெழுத்து. இந்த இழையிலாவது ஒரு வரி இருக்கட்டும்.

---

நீலமை எழுதியது:

எல்லோரும் தொடரைப் புகழ்கிறீர்கள். நாவலை நேசிக்கிறவளாக எனக்கு ஒரு குறை இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும்.

'ப்ளீக் ஹவுஸ்' நாவலை இரண்டு பேர் சொல்கிறார்கள். பாதியை எஸ்தர், தன் வாயால், நடந்து முடிந்த கதையாக. மறுபாதியைப் பெயரில்லாத ஒரு குரல், இப்போது கண்முன் நடப்பதுபோல. அந்தக் குரல் கோபக்காரக் குரல். முதல் பக்கத்திலேயே லண்டன் முழுக்க மூடுபனியைப் பரப்பிவிட்டு, பனி எங்கே மிகவும் அடர்த்தியாக இருக்கிறது என்று பார்த்தால் அதன் நடுவில் சான்சரி நீதிமன்றத்தில் நீதிபதி உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டும். ஆங்கில நாவல்களிலேயே இப்படி ஒரு தொடக்கம் அபூர்வம். தொடரில் அது இல்லை. கொட்டும் மழையில் எஸ்தர் அவசரமாக வண்டி ஏறுவதோடு தொடங்குகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஜோவின் சாவு. தெருவைக் கூட்டிப் பிழைத்த அந்தப் பையன், மருத்துவர் சொல்லச் சொல்லப் பிரார்த்தனையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே செத்துப்போகிறான். நாவலில் அந்த இடத்தில் குரல் சட்டென்று திரும்பி மகாராணியைப் பார்த்து, பிரபுக்களைப் பார்த்து, பாதிரிமார்களைப் பார்த்து, 'செத்துவிட்டான்' என்று அறிவிக்கிறது. இப்படி நம்மைச் சுற்றி தினமும் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது. படிக்கும்போது நம்மையே நிற்க வைத்துக் கேட்பது மாதிரி இருக்கும். திரையில் ஹாரி ஈடன் என்ற பையன் நன்றாகத்தான் நடித்திருக்கிறான், நானும் அழுதேன். ஆனால் அழுகை வந்தது, அந்தக் கோபம் வரவில்லை. பின்னணிக் குரலே வேண்டாம் என்று முடிவெடுத்தது யாரானாலும், அந்த முடிவோடு டிக்கன்ஸில் பாதி போய்விட்டது.

---

வெட்டுமேசை எழுதியது:

நீலமை, ஜோ விஷயத்தில் உங்களோடு சண்டை போட முடியாது. ஆனால் அந்தப் பெயரில்லாத குரல் முழுசாகப் போய்விட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கேமராவுக்கு இடம் மாறியிருக்கிறது. சான்சரிக் காட்சிகளில் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வக்கீல்களின் விக்குக்கு நடுவே, காகிதக் கட்டுகளுக்கு நடுவே, ஒருத்தர் முகமும் முழுசாகத் தெரியாதபடி. மூடுபனியில் எப்படிக் கண் தெரியாதோ அப்படி. பின்னணிக் குரல் வைத்திருந்தால் ஒரு நல்ல நடிகர் நாவலை வாசிப்பதைக் கேட்டிருப்போம், அவ்வளவுதான்.

---

ஈஸ்ட்ஹாம் வாசி எழுதியது:

நான் அப்போது லண்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் அக்காவும் அத்தானும் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தவறவிட மாட்டார்கள். அது முடிந்ததும் டிவியை நிறுத்த மறந்துதான் 'ப்ளீக் ஹவுஸ்' பார்க்கத் தொடங்கினோம். இரண்டாம் கிழமையிலிருந்து இதற்காகவே காத்திருந்தோம். அக்கா டிக்கன்ஸ் படித்தவர் இல்லை. தயாரிப்பாளர் கணக்குப் போட்டது எங்கள் அக்கா மாதிரி ஆட்களைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், இந்தியாவில் இருந்து பார்க்கிற உங்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. அந்த நடிகர் பட்டியல் இங்கே உள்ளவர்களுக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். குப்பைக் கடைக்காரன் க்ரூக்காக வந்த ஜானி வேகஸ் மேடை நகைச்சுவைக்காரர். வக்கீல் கெஞ்சாக வந்த அலிஸ்டர் மெக்கவன் பலகுரல் கலைஞர். திருமதி சாட்பாண்டாக வந்த கேத்தரின் டேட்டும் நகைச்சுவை நடிகை. டர்வீட்ராப்பாக வந்த மத்தியூ கெல்லி டிவி நிகழ்ச்சித் தொகுப்பாளர். எல்லாரும் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். டிக்கன்ஸின் சில்லறைப் பாத்திரங்கள் இரண்டு நிமிடம் வந்தாலும் நினைவில் நிற்க வேண்டும். தெரிந்த முகம் என்றால் அது தானாக நிற்கும்.

செங்கல் சூளைக்காரனின் மனைவி ஜென்னியாக நடித்தது சார்லி ப்ரூக்ஸ். அவரை இங்கே எல்லோருக்கும் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' ஜனீனாகத் தெரியும், பொல்லாத பாத்திரம். அரை மணிக்கு முன்னால் ஓடிய சீரியலின் வில்லி, இங்கே அடிபட்ட, பிள்ளையைப் பறிகொடுத்த ஏழைத் தாயாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் டெட்லாக் சீமாட்டி தப்புவது இந்த ஜென்னியோடு உடுப்பை மாற்றிக்கொண்டுதான். அக்கா அன்றைக்கு வாய் திறக்கவே இல்லை.

ஆகவே என் ஓட்டு நடிகர்களைத் தேர்ந்தெடுத்த கேட் ரோட்ஸ் ஜேம்ஸுக்கு. பின்னாளில் 'ஷெர்லாக்' தொடருக்கும் அவர்தான் தேர்வாளர். வட்டிக்காரக் கிழவன் ஸ்மால்வீடின் பேத்தி ஜூடியாக வந்த லூயிஸ் ப்ரீலியைப் பாருங்கள், 'ஷெர்லாக்'கில் மோலி ஹூப்பராக வருவார். ரிச்சர்டின் காதலி ஏடாவாக வந்த கேரி மல்லிகன் அப்போது யாருக்கும் தெரியாத இளம்பெண்.

---

மாடிவீட்டு வாசகி எழுதியது:

ஈஸ்ட்ஹாம் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஜென்னி விஷயம் எனக்குப் புதிது. நன்றி. அங்கே உட்கார்ந்து பார்த்தவர்கள் சொன்னால்தான் இது தெரியும்.

கில்லியன் ஆண்டர்சனைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! 'எக்ஸ் ஃபைல்ஸ்' 2002இல் முடிந்த பிறகு தொலைக்காட்சிக்கு அவர் திரும்பி வந்தது இந்தத் தொடரில்தான். முதல் எபிசோடில் ஒரு காட்சி. டல்கிங்ஹார்ன் ஏதோ சட்டக் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார். சீமாட்டிக்கு வாழ்க்கையே சலித்துப்போன முகம். கண் சும்மா ஒரு காகிதத்தின் மேல் விழுகிறது. அந்தக் கையெழுத்து. யார் நகல் எடுத்தது என்று கேட்கிறாள். அவ்வளவுதான் வசனம். ஆனால் அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்த கணமே அவள் முகத்தில் ஏதோ ஒன்று உடைந்து, உடனே மூடிக்கொள்கிறது. சார்லஸ் டான்ஸ் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். அத்தனை வருஷமாக எதிலும் ஆர்வம் காட்டாத பெண் ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தைப் பற்றி ஏன் கேட்டாள்? மீதி ஏழெட்டு மணி நேரமும் அந்த ஒரு பார்வையில் தொங்குகிறது.

டல்கிங்ஹார்னாக நடித்த டான்ஸை இன்று எல்லோருக்கும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் டைவின் லானிஸ்டராகத் தெரியும். டல்கிங்ஹார்னைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

---

புதுக்கண் எழுதியது:

எல்லாரும் தயாரிப்பாளர், எழுத்தாளர், நடிகர் என்று பேசுகிறீர்கள். இயக்குநர் பெயரே வரவில்லையே அண்ணா? சினிமா என்றால் முதலில் அவரைத்தானே சொல்வோம்? நான் நாவல் படித்ததில்லை, தொடர் மட்டும் பார்த்தேன்.

---

வெட்டுமேசை எழுதியது:

சரியான கேள்வி தம்பி. இரண்டு இயக்குநர்கள். முன்பகுதி ஜஸ்டின் சாட்விக், பின்பகுதி சுசானா வைட். டிவியில் இதுதான் நடைமுறை. ஒருவர் படப்பிடிப்பில் இருக்கும்போது இன்னொருவர் அடுத்த எபிசோட்களுக்குத் தயார் செய்துகொண்டிருப்பார். தொடர் முழுக்க ஒரே கண்ணாகத் தெரிவதற்குத் தயாரிப்பாளரும் ஒளிப்பதிவாளரும் பொறுப்பு.

சாட்விக் நடிகராக இருந்து இயக்கத்துக்கு வந்தவர், 'ஈஸ்ட்எண்டர்ஸ்' எபிசோட்களே இயக்கியிருக்கிறார். 'ஸ்பூக்ஸ்' என்ற உளவுத் தொடரிலும் வேலை செய்தவர். அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? விக்டோரியக் கதைகளுக்கு வழக்கமாகக் கூப்பிடும் ஆளைக் கூப்பிடாமல் இவரைக் கூப்பிட்டதுதான் துணிச்சல். பின்னால் மண்டேலாவின் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்.

சுசானா வைட் ஆவணப்படங்களிலிருந்து வந்தவர். கடைசி எபிசோட்களில் சீமாட்டி குளிரில் நடந்து நடந்து தன் பழைய காதலன் புதைக்கப்பட்ட இடுகாட்டுக் கதவருகே போய் விழும் இடத்தைப் பார்த்தால் அது தெரியும். அழகாக்க முயற்சியே இல்லை. சேறு சேறாகவே இருக்கிறது. மறுவருஷமே பிபிசிக்காக 'ஜேன் ஐயர்' எடுத்தார், அப்புறம் அமெரிக்கா போய் ஈராக் போரைப் பற்றி 'ஜெனரேஷன் கில்' தொடரில் பல எபிசோட்கள்.

---

பழையவக்கீல் எழுதியது:

விவாதம் சூடுபிடித்திருக்கிறது, சந்தோஷம். நான் டேவிஸ் கட்சியிலேயே நிற்கிறேன். அவர் எதை வெட்டினார், எதைச் சேர்த்தார் என்று பார்த்தால்தான் அவர் திறமை தெரியும்.

வெட்டியது: நாவலில் வரும் பேக்னெட் குடும்பம் மொத்தமாக இல்லை. திருமதி ஸ்னாக்ஸ்பி இல்லை. வக்கீல் குமாஸ்தா கப்பியின் சிநேகிதன் ஜாப்லிங் இல்லை. ஸ்மால்வீட் கிழவனின் மனைவியும் பேரனும் இல்லை. பேக்னெட் குடும்பம் எனக்கு ரொம்ப இஷ்டம், இருந்தாலும் கதை அவர்கள் இல்லாமல் ஓடுகிறது.

சேர்த்தது ஒரே ஒரு ஆள். டல்கிங்ஹார்னின் குமாஸ்தா கிளாம்ப், டாம் ஜார்ஜ்சன் நடித்தார். நாவலில் அப்படி ஒரு பெயரே கிடையாது. டல்கிங்ஹார்ன் யாரிடமும் மனம் திறக்காத மனிதர். தனியாக உட்கார்ந்து பழைய ஒயின் குடித்துக்கொண்டு யோசிப்பார், நாவலாசிரியர் அதை எழுதிவிடலாம். திரையில் யோசிப்பதைக் காட்ட முடியுமா? அதற்காக ஒரு குமாஸ்தா. எஜமான் ஒரு வார்த்தை சொல்வார், குமாஸ்தா ஒரு கேள்வி கேட்பார், நமக்கு விஷயம் புரிந்துவிடும். பெரிய வக்கீலின் அறையில் இப்படி ஒரு நிழல் எப்போதும் நிற்கும் என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும், அதனால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியவே இல்லை.

டேவிஸ் ஐம்பது வயது வரை ஆசிரியராக இருந்தவர். இலக்கியத்தை வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆளுக்கு, எந்த இடத்தில் மாணவன் கொட்டாவி விடுவான் என்று தெரியும். முதல் காட்சிகளில் லார்ட் சான்சலராக, அதாவது சான்சரியின் தலைமை நீதிபதியாக வரும் இயன் ரிச்சர்ட்சனும் டேவிஸும் பழைய கூட்டாளிகள். 1990இல் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' பிரிட்டிஷ் தொடரை எழுதியவர் இவர், அதில் நாயகன் அவர்.

---

நீலமை எழுதியது:

கிளாம்ப் பற்றிச் சொன்னது சரி சார். எஸ்தர் விஷயத்திலும் டேவிஸுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நாவலில் தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டு, மற்றவர்கள் தன்னைப் புகழ்ந்ததையெல்லாம் கூச்சத்தோடு எழுதும் எஸ்தர் பல வாசகர்களுக்கு எரிச்சல். அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டின் நடித்த எஸ்தர் குறைவாகப் பேசுகிறாள், நிமிர்ந்து பார்க்கிறாள். அம்மை வந்து முகம் போன பிறகு கண்ணாடியைப் பார்க்கும் காட்சியில் அந்தப் பெண் தன்னிரக்கத்துக்கு இடமே கொடுக்கவில்லை. அந்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா சிறந்த நடிகை விருதுக்கு ஆண்டர்சனும் இவரும் ஒரே தொடரிலிருந்து போட்டியிட்டு, இவருக்குக் கிடைத்தது. சிறந்த தொடர் நாடகத்துக்கான பாஃப்டாவும் 'ப்ளீக் ஹவுஸ்'க்குத்தான்.

அந்தத் தழும்பு பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டுமேசை சொன்ன ஹை டெஃபினிஷன் கேமரா எதையும் மறைக்காது. பசை தெரியும், பொடி தெரியும். ஒப்பனைக் கலைஞர்கள் அதற்குத் தக்கபடி வேலை செய்திருக்கிறார்கள். ஒப்பனைக்கும் ஒரு எம்மி வந்தது.

ஆனால் அரை மணி அளவுதான் காரணம் என்ற அக்காவின் வாதத்துக்கு ஒரு சிக்கல். அமெரிக்காவில் 2006 ஜனவரியில் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது இதை ஆறு பகுதியாகச் சேர்த்துத்தான் போட்டார்கள், முதலும் கடைசியும் இரண்டு மணி நேரம். பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச் தொலைக்காட்சி நிலையம் கூட்டுத் தயாரிப்பு என்பதால் அவர்கள் வசதிப்படி. அங்கேயும் கொண்டாடினார்கள், பீபடி என்ற ஒளிபரப்பு விருது கொடுத்தார்கள். அரை மணி அமைப்பே இல்லாமல் பார்த்தவர்களுக்கும் பிடித்தது என்றால்?

---

மாடிவீட்டு வாசகி எழுதியது:

இது வலுவான கேள்வி நீலமை. என் பதில் இது. அமெரிக்கர்கள் அரை மணி எபிசோட்களாகப் பார்க்கவில்லை, ஆனால் அரை மணிக்காக எழுதி, எடுத்து, வெட்டிய ஒன்றைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு முப்பது நிமிடத்துக்கும் ஒரு அதிர்ச்சி என்று கட்டிய கதை. சேர்த்து ஒட்டினாலும் அந்த அதிர்ச்சிகள் உள்ளேயே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு உச்சம் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2008இல் பிபிசி டிக்கன்ஸின் 'லிட்டில் டோரிட்' எடுத்தது. எழுதியது மறுபடி டேவிஸ், இசை மறுபடி ஜான் லன். அமைப்பும் அதே அரை மணிதான், முதலும் கடைசியும் மட்டும் ஒரு மணி நேரம். தயாரிப்பாளர் மட்டும் வேறு, லிசா ஆஸ்பார்ன். ஆக ஸ்டாஃபர்ட்-கிளார்க் இல்லாமலேயே அவர் போட்ட பாதையில் பிபிசி மறுபடி நடந்தது. அது 2009இல் ஏழு எம்மி வாங்கியது.

---

பழையவக்கீல் எழுதியது:

அதே சாட்சியை நான் என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன் அம்மா! தயாரிப்பாளர் மாறினார், இயக்குநர்கள் மாறினார்கள், நடிகர்கள் மாறினார்கள். மாறாமல் இருந்தது டேவிஸ். அப்படியானால் ஏழு எம்மிக்கும் காரணம் யார்?

---

ஈஸ்ட்ஹாம் வாசி எழுதியது:

ஐயா, பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்டுவிட்டீர்கள். ஆனால் ஒன்று. 'லிட்டில் டோரிட்' எங்கள் வீட்டில் அந்த அளவு பிடிக்கவில்லை. அக்கா மூன்றாம் எபிசோடோடு விட்டுவிட்டார். க்ளேர் ஃபோய் அருமை, டாம் கோர்ட்னி அதைவிட அருமை. இருந்தாலும் 'ப்ளீக் ஹவுஸ்'இல் டல்கிங்ஹார்ன் என்று ஒரு மனிதர் ஒரு பெண்ணைத் துரத்துகிறார், அது எல்லோருக்கும் உடனே விளங்கும். 'டோரிட்'டில் கடன், சிறை, உயில், மர்மம் எல்லாம் இருந்தும் யார் யாரைத் துரத்துகிறார் என்று புரிய நேரம் எடுக்கிறது. அரை மணி அமைப்புக்கு எந்த நாவல் ஒத்துவரும் என்று தெரிந்து எடுத்ததும் ஒரு திறமை. அந்த வகையில் அக்கா சொன்ன தயாரிப்பாளருக்கே என் இரண்டாவது ஓட்டு.

ஃபில் டேவிஸை விட்டுவிட்டோம்! நாற்காலியோடு தூக்கி வரப்படும் ஸ்மால்வீட் கிழவன், சரிந்து சரிந்து விழுந்து, "என்னைக் குலுக்கி நிமிர்த்து, ஜூடி!" என்று கத்துவது எங்கள் வீட்டில் பல மாதம் ஓடியது.

---

புதுக்கண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இனி நாவலைப் படிக்கலாமா, அல்லது பழைய 1985 தொடரைப் பார்க்கலாமா?

---

நீலமை எழுதியது:

இரண்டும் வேண்டும். முதலில் நாவல். முதல் ஐம்பது பக்கம் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அதற்குப் பயப்படாதீர்கள், தொடர் பார்த்ததால் முகங்கள் உங்களுக்குத் தெரியும். படிக்கும்போது அந்தப் பெயரில்லாத குரலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், குறிப்பாக ஜோ சாகும் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை.

1985 தொடர் எட்டு பகுதி. எழுதியவர் ஆர்தர் ஹாப்கிராஃப்ட், கால்பந்து நிருபராக இருந்து திரைக்கதைக்கு வந்தவர். 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'யின் 1979 தொடரை எழுதியவரும் அவர்தான். ரகசியத்தை மெதுவாக அவிழ்ப்பதில் கெட்டிக்காரர். டயானா ரிக் சீமாட்டி, டென்ஹோம் எலியட் எஸ்தரின் காப்பாளர் ஜார்ண்டிஸ். 2005இன் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் நத்தை வேகமாக இருக்கும். அந்த மூடுபனி வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

---

மாடிவீட்டு வாசகி எழுதியது:

புதுக்கண், படித்துக்கொண்டே வாருங்கள், கேள்வி வந்தால் இங்கேயே கேளுங்கள். வக்கீல் சார், அடுத்த வாரம் 1985 தொடருக்குத் தனி இழை தொடங்குகிறேன். இரண்டு தொடரிலும் சான்சரிக் காட்சிகளை ஒப்பிட்டு நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும். டேவிஸ் கட்சியை விட்டுவிட்டு வர வேண்டாம், அப்படியே வாருங்கள்.